மன்னிப்புக் கடிதம் எழுதாத மனிதர்

ஆலை வாசலில் அடிக்கடி நடக்கும் காட்சி ஒன்று உண்டு. தோழர்கள் அறிவார்கள்.

வேலை நிறுத்தத்தில் முன்வரிசையில் நின்றான் ஒரு தொழிலாளி. சஸ்பெண்டு உத்தரவு வருகிறது. குற்றப் பத்திரிகை வருகிறது. உள்விசாரணை இழுத்துக் கொண்டே போகிறது. வீட்டில் இரண்டு வேளை உலை ஒரு வேளையாகிறது. மளிகைக் கடைக்காரர் கணக்கு நோட்டை எடுத்து நீட்டுகிறார். அந்த நேரம் பார்த்து அழைப்பு வருகிறது. பெரிய அறையில் பெரிய மனிதர் பாகாய் உருகிப் பேசுகிறார்: “ஒன்றும் வேண்டாமப்பா! நடந்தது தவறு என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. நாளைக்கே வேலைக்கு வா!”

ஒரே ஒரு வரி! ஆனால் அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை ஏற்பாடும் நடந்தது என்பதைத் தொழிலாளி அறிவான். அவன் பசியைத் தீர்க்கும் அக்கறை அதில் இல்லை. அவன் பேசிய உண்மையை அவன் கையாலேயே அடிக்க வைக்கும் தந்திரம் அது.

ஆலை வாசலில் நடக்கும் இந்தப் பேரம், 1924-ஆம் ஆண்டு லண்டன் மாநகரத்து நீதிமன்றம் ஒன்றின் வாசலிலும் நடந்தது. பேரம் பேசியவர் பஞ்சாபை ஆண்ட முன்னாள் லெப்டினன்ட் கவர்னர் சர் மைக்கேல் ஓட்வயர். பேரத்துக்கு அழைக்கப்பட்டவர், நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து விலகிய 66 வயது முதியவர், சர் சி. சங்கரன் நாயர். “மன்னிப்புக் கேள், பணத்தை விட்டுவிடுகிறேன்” என்றார் அவர். “முடியாது” என்றார் இவர்.

இந்தப் பெயரை இப்போது பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். 2025 ஏப்ரலில் ‘கேசரி’ இரண்டாம் அத்தியாயம் என்று ஓர் இந்திப் படம் வந்தது. அதில் சங்கரன் நாயர் வெள்ளை அரசின் மீது வழக்குத் தொடுக்கிறார், ஜாலியன்வாலா பாக் படுகொலையை நீதிமன்றத்துக்கு இழுத்து வருகிறார், முழங்குகிறார். கொட்டகையில் கைதட்டல் எழுந்தது. கைதட்டட்டும்; வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நடந்தது வேறு. அவர் வழக்குத் தொடுத்தவர் அல்லர், வழக்குத் தொடுக்கப்பட்டவர். குற்றவாளியைக் கூண்டில் ஏற்றியவர் அல்லர்; அவரையே பிரதிவாதியாக்கினார்கள். வழக்கு நடந்தது லண்டனில். முடிவில் அவர் தோற்றார்.

தோல்வியை வெற்றிபோல் காட்டினால்தான் மக்கள் மதிப்பார்கள் என்று எண்ணுகிறது படவுலகம். நாம் அப்படி எண்ணவில்லை. அந்தத் தோல்வியிலேதான் கற்றுக்கொள்ளத் தக்க பாடம் இருக்கிறது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

யார் இந்தச் சங்கரன் நாயர்?

1857-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில், பாலக்காட்டுக்கு அருகே மங்கரையில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். சட்டம் பயின்று 1880-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வக்கீலானார். ஏழைக் குடிசையில் பிறந்தவரல்லர். வசதியான, செல்வாக்குள்ள குடும்பம்தான். பரம்பரைப் பெருமைக்காக நாம் யாருக்கும் பல்லக்குத் தூக்குவதில்லை. அவர் செய்த காரியத்தை வைத்தே பேசுகிறோம்.

தொழில் தொடங்கிய காலத்திலேயே ஒரு சோதனை வந்தது. இந்திய வக்கீல் எவரும் வெள்ளைக்கார பாரிஸ்டருக்கு ஜூனியராக இருக்கக் கூடாது என்று சென்னை வக்கீல்கள் தீர்மானம் போட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் அந்த இளைஞர் அதை ஏற்கவில்லை. எல்லோரும் சேர்ந்து அவரை ஒதுக்கி வைத்தார்கள். அவர் செய்தது சரியா, தவறா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் கூட்டம் முழுவதும் ஒரு பக்கம் நிற்க, தனக்குச் சரியென்று பட்டதற்காகத் தன்னந்தனியே மறுபக்கம் நிற்கும் பழக்கம் அவருக்கு அன்றே வந்துவிட்டது. பிற்காலத்தில் அது பயன்பட்டது.

நீதிமன்றத்தில் வாயால் வாதாடியது போதாதென்று வெளியே பேனாவாலும் வாதாடினார். ‘மெட்ராஸ் ரிவியூ’ என்ற ஆங்கில ஏட்டைத் தொடங்கி, ஆசிரியராக இருந்து நடத்தினார். அன்றைய சென்னையில் படித்தவர்களின் அரசியல், மயிலாப்பூர் அணி என்றும் எழும்பூர் அணி என்றும் பிரிந்து கிடந்தது. செல்வாக்கும் பதவியும் மயிலாப்பூர் வட்டாரத்தில் குவிந்திருந்த காலம். எழும்பூர் அணியின் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் சங்கரன் நாயர். இடம் பிடித்துக் கொண்டவர்களை எதிர்த்து இடம் கேட்பவனுக்கு ஏடு எவ்வளவு தேவை என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏடு நடத்தியவன் ஒன்றைக் கற்றுக்கொள்கிறான். எழுதிய சொல் அச்சேறியபின் திரும்பி வராது. ஆகவே எழுதும்முன் யோசிக்க வேண்டும். எழுதியபின் அதோடு நிற்க வேண்டும். இந்தப் பாடத்தைத்தான் அவர் வாழ்நாள் முழுதும் சுமந்தார்.

சட்டமன்றத்திலும் சும்மா இருக்கவில்லை. மலபாரில் மருமக்கத்தாய முறையில் நடந்த சம்பந்தங்களைச் சட்டம் திருமணமாகவே ஏற்காத நிலை. மனைவி சட்டத்தின் கண்ணில் மனைவியல்லள்; பிள்ளைகளுக்குத் தந்தையின் சொத்தில் உரிமையில்லை. இதைத் திருத்த அவர் கொண்டுவந்த முயற்சியே 1896-ஆம் ஆண்டு மலபார் திருமணச் சட்டம். அதன்படிப் பதிவு செய்துகொண்டவர்கள் மிகச் சிலரே. சட்டம் வந்ததால் மட்டும் சமூகம் அசைந்துவிடாது என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. ஆயினும் கதவைத் தட்டியவர் அவர்.

1897-இல் அமராவதியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1908-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நிலையான நீதிபதியானார். இந்து சமயத்துக்கு மாறி வந்தவர்களைச் சாதிக்குப் புறம்பானவர்கள் என்று தள்ளிவைக்க முடியாது என்பது அவர் தந்த தீர்ப்புகளில் ஒன்று. 1911 ஜூன் 17-இல் மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டாரே, அதைத் தொடர்ந்து நடந்த சதி வழக்கை விசாரித்த மூவரில் இவரும் ஒருவர். மற்ற இரு வெள்ளை நீதிபதிகளோடு முழுவதும் ஒத்துப் பாடாமல் தனித் தீர்ப்பு எழுதினார்.

1915-இல் வைசிராயின் நிர்வாக சபையில் இடம் கிடைத்தது. கல்வித் துறை அவர் பொறுப்பு. அந்தச் சபையில் அன்றிருந்த ஒரே இந்தியர் அவர். வெள்ளை அரசு ஓர் இந்தியனுக்கு அளித்த மிக உயர்ந்த நாற்காலிகளில் ஒன்று அது.

இங்கே ஒரு கேள்வி எழும். நீதிபதியாக இருந்தவர் அரசாங்கப் பதவிக்குப் போகலாமா? நம் காலத்தில் சூடாகப் பேசப்படும் கேள்வி. இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்த ஒருவர் ஓய்வுக்குப்பின் 2014-இல் கேரள ஆளுநரானார். மற்றொருவர் ஓய்வு பெற்ற நான்கே மாதத்தில், 2020-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். முறையா என்று நாடு கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். சங்கரன் நாயரையும் அதே தராசில் நிறுத்துவோம். அவரும் நீதிபதி ஆசனத்திலிருந்து நேரே அரசாங்கத்தின் ஆசனத்துக்குப் போனவர்தான். ஒளிக்க வேண்டியதில்லை.

போனபின் என்ன செய்தார் என்பதைப் பார்ப்போம்.

1919-இல் அரசியல் சீர்திருத்தம் பற்றி டில்லியிலிருந்து லண்டனுக்கு அறிக்கைகள் போயின. நிர்வாக சபையில் உட்கார்ந்துகொண்டே, அந்த அறிக்கைகளோடு தம் மறுப்புக் குறிப்புகளையும் சேர்த்து அனுப்பினார். வெள்ளையர் ஆட்சியின் குறைகளை வரிசையாக எடுத்து வைத்தார். சம்பளம் தருகிறவன் முகத்துக்கு நேரே சொன்ன சொல் அது.

பிறகு வந்தது பஞ்சாப். 1919 ஏப்ரல் 13. அமிர்தசரஸ் நகரத்து ஜாலியன்வாலா பாக். நாலாபுறமும் சுவர். உள்ளே ஆணும் பெண்ணும் குழந்தையுமாகப் பல்லாயிரம் பேர். ஜெனரல் டயர் எச்சரிக்கை தராமலே சுடச் சொன்னான். ஏறத்தாழ பத்து நிமிடம். 1,650 ரவைகள். அரசாங்கக் கணக்கிலேயே 379 பிணங்கள். காங்கிரஸ் குழுவின் கணக்கு ஏறத்தாழ ஆயிரம். அத்தோடு நிற்கவில்லை. பஞ்சாபில் இராணுவச் சட்டம், தெருவில் கசையடி, மக்கள் மண்ணில் ஊர்ந்து போக வேண்டுமென்று ஒரு கட்டளை!

சேதி தடுக்கப்பட்டது. ஆனாலும் மெல்லக் கசிந்தது. பஞ்சாபில் நடப்பதை அறிந்தபின் அந்த நாற்காலி சங்கரன் நாயருக்குச் சுட்டது. 1919 ஜூலையில் ராஜிநாமாக் கடிதத்தை நீட்டினார்.

அவர் மருமகன் கே.பி.எஸ். மேனன் எழுதிய வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. விடைபெறப் போனபோது, உங்கள் இடத்துக்கு யாரைப் போடலாம் என்று வைசிராய் செம்ஸ்போர்டு கேட்டாராம். வாசலில் சீருடையோடு நின்ற சேவகனைச் சுட்டிக் காட்டினாராம் நாயர். ஆள் உயரமாக இருக்கிறான், உடுப்பு நன்றாகப் பொருந்துகிறது, நீங்கள் எதைச் சொன்னாலும் ஆமாம் என்பான் என்றாராம்!

சேவகனை இழிவாக்க நாம் இதைச் சொல்லவில்லை. வயிற்றுக்காக ஆமாம் போட்ட ஏழையை நாம் அறிவோம். அவன் மேல் நமக்குக் கோபமில்லை. வயிறு நிறைந்தபின்னும் ஆமாம் போடுகிற பெரிய மனிதர்கள் மேல்தான் அந்தச் சவுக்கு விழுந்தது. பதவி தோளில் கிடக்கும் துண்டு, கொள்கை இடையில் கட்டிய வேட்டி என்று நம் மேடைகளில் பேசுகிறோமே, அந்தத் துண்டை எடுத்து உதறிப் போட்ட கை சங்கரன் நாயரின் கை.

நீதிபதி அங்கி போயிற்று. நிர்வாக சபைப் பதவியும் போயிற்று. பிறகு 1920 வாக்கில் லண்டனில் இந்தியா மந்திரியின் ஆலோசனைச் சபையில் சிறிது காலம் இருந்தார், அதுவும் முடிந்தது. கடைசிவரை அவரிடம் தங்கியது, தொடக்கத்திலிருந்தே இருந்த பேனாதான். 1922-இல் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. பெயர்: ‘காந்தியும் அராஜகமும்’.

ஆம், காந்தியாரை எதிர்த்து எழுதிய நூல்! ஒத்துழையாமை நாட்டைக் குழப்பத்தில் தள்ளும், சட்டத்தின் வழியே உரிமை பெற வேண்டும் என்பது அவர் வாதம். அந்த வாதம் முழுவதையும் நாம் ஏற்கவில்லை. சட்டத்தின் கதவு ஏழைக்கு எத்தனை முறை திறந்தது என்று அவரிடமே கேட்கலாம். ஆனால் காந்தியாரைக் கடுமையாக விமரிசித்த அதே நூலில், பஞ்சாபின் கொடுமைகளையும் எழுதினார். தனி ஒருவரான லெப்டினன்ட் கவர்னரின் கையில் அதிகாரம் இருந்ததால்தான் அந்த அட்டூழியங்கள் நடக்க முடிந்தது என்ற பொருளில் எழுதினார். அந்த லெப்டினன்ட் கவர்னர்தான் ஓட்வயர்.

வேடிக்கையைப் பாருங்கள்! காந்தியாரைத் திட்டுகிறான் என்று இங்கே தேசியவாதிகளுக்குக் கோபம். ஓட்வயரைக் குற்றம் சொல்கிறான் என்று அங்கே வெள்ளைத் துரைமார்களுக்குக் கோபம். அந்த மனிதர் இரண்டு பக்கத்துக் கோபத்துக்கும் நடுவில் நின்றார். தன் மானத்துக்குப் பங்கம் வந்துவிட்டது என்று ஓட்வயர் லண்டனில் வழக்குப் போட்டார். மானம்! அமிர்தசரஸில் மண்ணில் ஊர்ந்தவர்களுக்கு இல்லாத மானம்!

1924 ஏப்ரல் 30-இல் விசாரணை தொடங்கிற்று. ஏறக்குறைய ஐந்து வாரம் நடந்தது. நீதிபதி மெக்கார்டி. ஜூரிகள் 12 பேர், எல்லோரும் ஆங்கிலேயர். நாயருக்காக வாதாட வந்தவர் சர் வால்டர் ஷ்வாபே. சென்னை உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். படுகொலை, இராணுவச் சட்டம், போருக்காகப் பஞ்சாபில் ஆள் பிடித்த முறை எல்லாம் ஏகாதிபத்தியத்தின் தலைநகரிலேயே பேசப்பட்டன. ஐந்து வாரம்!

ஆனால் தராசின் முள் முதலிலேயே சாய்ந்திருந்தது. ஜெனரல் டயர் செய்தது சரி, இந்தியா மந்திரி அவரைத் தண்டித்ததுதான் தவறு என்பது தம் கருத்து என்று நீதிபதி மெக்கார்டியே ஜூரிகளுக்குச் சொன்னார். நடுநிலை ஆசனத்திலிருந்து வந்த சொல் இது!

ஜூரிகள் கூடினார்கள். பதினொருவர் ஓட்வயர் பக்கம். ஒருவர் மட்டும் மறுத்தார். அவர் பெயர் ஹெரால்டு லாஸ்கி. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் அரசியல் கற்பித்தவர். பிற்காலத்தில் தொழிற்கட்சியின் தலைவர் பொறுப்பில் அமர்ந்தவர். தன் நாட்டான் பதினொருவர் ஒரு பக்கம் நிற்க, கறுப்பனின் நியாயத்துக்காகத் தனித்து நின்ற அந்த வெள்ளைக்காரரையும் தொழிலாளத் தோழர்கள் நினைவில் வைக்க வேண்டும். நியாயத்துக்கு நிறம் இல்லை.

அன்றைய ஆங்கிலச் சட்டப்படி பன்னிருவரும் ஒருமனதாக இருந்தால்தான் தீர்ப்பு. இல்லையேல் மறு விசாரணை. ஆனால் இரு தரப்பும் பெரும்பான்மையை ஏற்கச் சம்மதித்தன. மறுபடி விசாரித்தாலும் வேறு பன்னிரண்டு ஆங்கிலக் கடைக்காரர்கள் இதே முடிவுக்கு வரமாட்டார்கள் என்பது என்ன நிச்சயம் என்று நாயர் கேட்டதாகச் சொல்வார்கள்.

நஷ்டஈடு 500 பவுன். வழக்குச் செலவு ஏறத்தாழ 7,000 பவுன். அன்றைய மதிப்பில் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய்!

அப்போதுதான் வந்தது அந்தப் பேரம். மன்னிப்புக் கேட்டால் பணம் வேண்டாம். ஒரே ஒரு வரி!

பணத்தைக் கட்டினார். வரியை எழுதவில்லை.

இதனால் என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்ப்பவர்கள் கேட்கலாம். மெக்கார்டியின் சொல்லுக்கு எதிராகப் பாராளுமன்றத்தில் புயல் கிளம்பிற்று. தொழிற்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் ஜார்ஜ் லான்ஸ்பரி அந்த நீதிபதியை நீக்கக் கோரித் தீர்மானம் கொடுத்தார். பிரதமர் ராம்சே மக்டொனால்டே நீதிபதியின் பேச்சு வருந்தத்தக்கது என்ற கருத்தில் பேச வேண்டியதாயிற்று. நீதிபதி நீக்கப்படவில்லை, ஓட்வயருக்கும் தண்டனை இல்லை. அதைவிடப் பெரிதாக எதையோ சாதித்ததாகப் பொய்க் கணக்கு எழுத நமக்கு மனமில்லை. ஆனால் பிரிட்டிஷ் நீதியை நம்பியிருந்த படித்த இந்தியர்களுக்கு அந்தத் தீர்ப்பு கண்ணைத் திறந்து வைத்தது. நூறு கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டியதை எதிரியின் நீதிமன்றமே சொல்லிவிட்டது. நாயர் மன்னிப்பு எழுதியிருந்தால், பஞ்சாபில் நடந்தது கொடுமையே அல்ல என்பதற்கு அவர் கையெழுத்தே சாட்சியாகி இருக்கும். அதை அவர் எதிரிக்குக் கொடுக்கவில்லை.

அவர் குறையையும் சொல்லிவிடுவோம். 1928-இல் சைமன் குழுவைக் காங்கிரசும் மற்றும் பலரும் புறக்கணித்தபோது, அதோடு இணைந்து வேலை செய்த இந்தியக் குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். கறுப்புக் கொடிகளுக்கு நடுவே போனார். அரசிடம் பேசியே பெற்றுவிடலாம் என்ற நம்பிக்கை கடைசிவரை அவரை விடவில்லை. 1934 ஏப்ரல் 24-இல் சென்னையில் மறைந்தார். அவர் தெய்வமல்லர், சிலைக்கு மாலை போட்டுச் சிந்தனைக்கு விடுமுறை விட நாம் சொல்லவில்லை. மாறுபட வேண்டிய இடத்தில் மாறுபடுவோம். கற்க வேண்டிய இடத்தில் கற்போம்.

கற்க வேண்டியது எது?

தவறு செய்தவன் மன்னிப்புக் கேட்பது பண்பு. பக்கத்துத் தோழனைக் கைநீட்டி அடித்தவன், சங்கப் பணத்தைக் கையாடியவன், பொய் எழுதியவன் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். அதில் வீறாப்புக்கு இடமில்லை. ஆனால் உண்மையைச் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்பது தனக்கு மட்டும் செய்துகொள்ளும் காரியமல்ல. தன்னை நம்பி நின்ற அத்தனை பேருக்கும் செய்யும் துரோகம். அந்தக் கடிதம் முதலாளியின் மேஜை அறையில் பத்திரமாக இருக்கும். அடுத்த தொழிலாளி வாய் திறக்கும் நாளில் அது வெளியே வரும்.

ஒரு லட்சம் கட்ட வசதியிருந்தது, அவர் மறுத்தார். அன்றாடங்காய்ச்சி எப்படி மறுப்பான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தனி ஆளாய் அவனால் முடியாதுதான். அதற்காகத்தான் சங்கம் இருக்கிறது. சஸ்பெண்டான தோழன் வீட்டில் உலை அணையாமல் பார்த்துக் கொள்ளும் சங்கத்தின் உறுப்பினன்தான், நீட்டப்பட்ட தாளைத் திருப்பித் தள்ள முடியும். சங்கரன் நாயருக்குச் செல்வம் தந்த துணிச்சலைத் தொழிலாளிக்குச் சந்தா தர வேண்டும். ஆகவே, மாதச் சந்தாவைக் காலத்தில் கட்டாதவன், தன் தோழன் கையில் மன்னிப்புக் கடிதத்தைத் திணிக்கிறான் என்றே சொல்வோம்.

மற்றொன்று. எழுதப் பழகுங்கள். மனு எழுதவும், அறிக்கை எழுதவும், நடந்ததை நடந்தபடி தேதியோடு குறித்து வைக்கவும் பழகுங்கள். படிப்பகத்தில் சட்டப் புத்தகமும் ஒன்று இருக்கட்டும். ஏடும் சட்டமும் நூலும் மேட்டுக்குடியின் சொத்தாகவே இருந்தால், அவர்கள் எழுதுவதே வரலாறு. அவர்கள் எடுப்பதே படம்.

லண்டன் நீதிமன்றத்தின் தீர்ப்பை 1924-ஆம் ஆண்டோடு உலகம் மறந்துவிட்டது. அந்த மனிதர் எழுத மறுத்த ஒரு வரியை நூறாண்டு கழித்தும் பேசுகிறோம். நாளை உங்கள் முன் ஒரு தாளும் பேனாவும் நீட்டப்படும்போது, அந்த வரியை நினைத்துக் கொள்ளுங்கள்!